சி60-க்கு இசட்-ஸ்கேன்: திருச்சி–தஞ்சாவூர் சாலைக் கருவி மையத்தை நம்பிப் போகலாமா?

திருச்சி–தஞ்சாவூர் சாலையில் உள்ள கல்லூரி ஒன்றின் கருவி மையத்தில் வெளியாருக்கும் இசட்-ஸ்கேன் (லேசர் ஒளி கூடும்போது ஒரு பொருளின் உறிஞ்சலும் ஒளிவிலகலும் மாறுவதை அளப்பது) எடுத்துத் தருகிறார்கள். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஆராய்ச்சி மாணவர்கள் படிகம், சாயம், நானோ துகள் என்று கொண்டுபோவது வழக்கம். இப்போது கூண்டு வடிவக் கார்பன் மூலக்கூறுகளான ஃபுல்லரீன் சாம்பிள்களும் போக ஆரம்பித்திருக்கின்றன. சாயத்துக்குச் சரியாக இருக்கும் அளவீட்டு முறை, 60 கார்பன் அணுக்கள் கொண்ட சி60 என்ற ஃபுல்லரீனுக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் இந்த மதிப்பீடு ஃபுல்லரீனை மட்டும் மனதில் வைத்து எழுதியது.

முதலில் முடிவைச் சொல்லிவிடலாம். 532 நானோமீட்டரில், நானோ செகண்ட் பல்ஸில், திறந்த அப்பர்ச்சர் அளவீடு (கடந்துவரும் முழு ஒளியையும் சேர்ப்பது) இங்கே நன்றாக இருக்கிறது. தாராளமாகப் பணம் கட்டலாம். மூடிய அப்பர்ச்சரில் (சிறு துளை வைத்து எடுப்பதில்) வரும் என்2 மதிப்பை, அதாவது ஒளிச்செறிவால் ஒளிவிலகல் எண் மாறும் அளவை, சி60-க்கு அப்படியே எடுத்து ஆய்வேட்டில் எழுதக் கூடாது. அதே அறையில் இருக்கும் தொடர் ஒளி லேசர் மேசை ஃபுல்லரீனுக்கு வேண்டவே வேண்டாம். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு டெல்டாவை விட்டு வெளியே அலைய வேண்டிய அவசியம் இல்லை.

இசட்-ஸ்கேன் 1989-ல் ஷேக்-பஹே, சயீத், வான் ஸ்ட்ரைலண்ட் ஆகியோர் அறிமுகப்படுத்திய முறை. குவித்த லேசர் பீமின் அச்சில் சாம்பிளை முன்னும் பின்னும் நகர்த்தி, கடந்துவரும் ஒளியைக் கணக்கெடுப்பார்கள். முழு ஒளியையும் சேர்த்தால் உறிஞ்சல் மாறுவது தெரியும். நடுவில் சிறு துளை வைத்து மையப் பகுதியை மட்டும் எடுத்தால் ஒளிவிலகல் மாறுவது தெரியும். மேசையில் இருப்பது ஒரு லென்ஸ், ஒரு நகர்த்தி, இரண்டு டிடெக்டர். இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் தவறான எண்களும் எளிதாக வந்துவிடுகின்றன.

மையத்தின் மேசையில் குறுகிய பல்ஸ் தரும் க்யூ-ஸ்விட்ச் என்டி-யாக் லேசர் இருக்கிறது. அதன் அடிப்படை ஒளி 1064 நா.மீ.; அதன் பாதி அலைநீளமான இரண்டாம் ஹார்மோனிக் 532 நா.மீ., பல்ஸ் நீளம் சுமார் 6 நானோ செகண்ட், நொடிக்கு 10 பல்ஸ். பீமின் விட்டம் ஏறக்குறைய 2.5 மி.மீ.; 15 செ.மீ. லென்ஸ் அதை 20 மைக்ரோமீட்டர் ஆரத்துக்குக் குவிக்கிறது. அப்படியானால் ரேலே நீளம் (குவியத்திலிருந்து பீமின் பரப்பு இரு மடங்காகும் தூரம்) 2.4 மி.மீ. இந்த எண்ணை மனதில் வையுங்கள். க்யூவெட்டின் (கரைசல் ஊற்றும் சிறு கலத்தின்) தடிமன் இதைவிடக் குறைவாக இருந்தால்தான் வழக்கமான சூத்திரங்கள் பொருந்தும். 1 மி.மீ. குவார்ட்ஸ் க்யூவெட் பொருந்தும், யூ.வி. கருவியில் வைக்கும் 10 மி.மீ. க்யூவெட் பொருந்தாது. மையத்தில் 1 மி.மீ. க்யூவெட் வைத்திருக்கிறார்கள், ஆனால் பலரும் பலதும் ஊற்றிய க்யூவெட் அது. முடிந்தால் சொந்தமாக ஒன்று கொண்டுபோவது நல்லது.

பாராட்ட வேண்டிய விஷயம், பல்ஸின் ஆற்றலைக் குறைக்க அரை அலைத் தட்டும் போலரைசரும் வைத்திருப்பது. சில இடங்களில் உறிஞ்சும் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர்களை லென்ஸுக்கு முன்னால் அடுக்கிவிடுவார்கள். அந்தக் கண்ணாடியே சூடாகி பீமைக் கெடுக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. லேசரிலிருந்து வரும் ஒளியின் ஒரு பகுதியைப் பிரித்து இரண்டாவது டிடெக்டருக்கு அனுப்பி, ஒவ்வொரு பல்ஸுக்கும் விகிதம் எடுக்கிறார்கள். இது எவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்கு காட்டும். கார்பன் டைசல்ஃபைடுதான் இத்துறையின் பொது ஒப்பீட்டுத் திரவம். அதன் என்2 சதுர செ.மீ./வாட் அலகில் சுமார் 3 × 10⁻¹⁴. 10 மைக்ரோஜூல் பல்ஸில், 1 மி.மீ. க்யூவெட்டில், மூடிய அப்பர்ச்சர் வளைவின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 சதவீதம். லேசரின் ஆற்றல் பல்ஸுக்குப் பல்ஸ் 5 சதவீதம் ஆடினால் சிக்னல் இருந்த இடம் தெரியாது. விகிதம் எடுத்து, ஒரு புள்ளிக்கு 50 அல்லது 100 பல்ஸ் சராசரி செய்தால்தான் வளைவு கண்ணுக்குத் தெரியும்.

குவியத்தின் ஆரத்தை நேரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். கேட்டால் மறுக்காமல் செய்கிறார்கள். ஷேவிங் பிளேடை பீமின் குறுக்கே நகர்த்தி, ஒளி 90 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கும் தூரத்தை 1.28-ஆல் வகுத்தால் ஆரம் கிடைக்கும். சரியாகக் குவியத்திலேயே அளந்தால் அந்தத் தூரம் 26 மைக்ரோமீட்டர்தான். கையால் திருகும் மைக்ரோமீட்டரின் ஒரு பிரிவே 10 மைக்ரோமீட்டர் என்பதால் அந்த அளவு நம்பத் தகுந்தது அல்ல. குவியத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி அளந்தால் தூரம் சுமார் 220 மைக்ரோமீட்டர் வரும். அதுபோல நாலைந்து இடங்களில் அளந்து பின்னோக்கிக் கணக்கிடுவதுதான் முறை. ஆரத்தில் 10 சதவீதம் பிசகினால் ஒளிச்செறிவில் 20 சதவீதம் பிசகும், அது நேராக உங்கள் இறுதி எண்ணில் வந்து உட்காரும்.

இனி சி60-க்கு வருவோம். 1985-ல் குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் கண்டுபிடித்த இந்த மூலக்கூறின் சிறப்பு, ஒளி கூடக் கூட இது அதிகமாக உறிஞ்சும் என்பது. அடிநிலையில், அதாவது கிளராத நிலையில், இருக்கும் சி60 பச்சை ஒளியைக் கொஞ்சம்தான் உறிஞ்சும். உறிஞ்சிய மூலக்கூறு கிளர்ந்த சிங்லெட் நிலைக்குப் போய், ஏறத்தாழ 1.2 நானோ செகண்டில் டிரிப்ளெட் என்ற, அதிக நேரம் வாழும் இன்னொரு கிளர்நிலைக்கு இறங்குகிறது. கிட்டத்தட்ட எல்லா மூலக்கூறும் அந்த வழியே போகும். அந்த டிரிப்ளெட் நிலை 532-ல் அடிநிலையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு உறிஞ்சும். சிங்லெட் நிலை அதைவிடவும் அதிகம். டட், காஸ்ட் இருவரும் 1992-ல் சி60 கரைசல் கண்ணைக் காக்கும் ஒளிமட்டுப்படுத்தியாகப் பயன்படும் என்று காட்டியது இந்தக் குணத்தை வைத்துத்தான்.

இதிலிருந்து வாடிக்கையாளருக்கு இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, பல்ஸ் நீளம் குறிப்பிடாத எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 30 பிக்கோ செகண்ட் பல்ஸ் சிங்லெட் நிலையைத்தான் பார்க்கும்; 6 நானோ செகண்ட் பல்ஸ் பெரும்பாலும் டிரிப்ளெட்டைப் பார்க்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடக் கூடாது. இரண்டு, இங்கே உறிஞ்சல் ஒளிச்செறிவைவிட, மொத்தம் எவ்வளவு ஒளி ஒரு சதுர செ.மீ.யில் விழுந்தது என்பதைப் பொறுத்தது. ஆனால் மையத்தின் மென்பொருள் எந்தச் சாம்பிளாக இருந்தாலும் இரண்டு ஃபோட்டான் உறிஞ்சல் (மூலக்கூறு ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டானை உறிஞ்சுவது) சூத்திரத்தைப் பொருத்தி, அந்த உறிஞ்சலின் வலிமையாக பீட்டா என்று ஒரு எண்ணைத் தருகிறது. வளைவு அழகாகப் பொருந்தும். பொருந்துவதாலேயே அது உண்மை ஆகிவிடாது.

சரிபார்க்க எளிய வழி, ஒரே சாம்பிளை மூன்று ஆற்றலில் எடுக்கச் சொல்வது. உண்மையான இரண்டு ஃபோட்டான் உறிஞ்சலாக இருந்தால் மூன்றிலும் பீட்டா ஒன்றாக இருக்கும். சி60-ல் ஆற்றல் கூடக் கூட பீட்டா இறங்கும். காரணம் அடிநிலை காலியாகிவிடுவது. 532-ல் சி60-ன் அடிநிலை உறிஞ்சல் குறுக்குப்பரப்பு (ஒரு மூலக்கூறு ஒளியைப் பிடிக்கும் பரப்பு) சுமார் 3 × 10⁻¹⁸ ச.செ.மீ. சதுர செ.மீ.க்கு 0.12 ஜூல் விழும்போதே சராசரியாக ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு ஃபோட்டானை வாங்கிவிடும். 20 மைக்ரோமீட்டர் ஆரத்தில் 1 மைக்ரோஜூல் பல்ஸ் போதும், அந்த அளவை எட்டிவிடலாம். மையத்தில் வழக்கமாக வைப்பது 50 மைக்ரோஜூல். அது குவியத்தில் சதுர செ.மீ.க்கு 8 ஜூல். சி60-க்கு இது மிகவும் அதிகம். படிவத்தில் ஆற்றல் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் இந்த 50-தான் போடுவார்கள். 0.5, 2, 10 மைக்ரோஜூல் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். 0.5-ல் பள்ளம் ஆழமில்லாமல் இருக்கும், சராசரியை 200 பல்ஸாக உயர்த்தச் சொன்னால் உயர்த்துவார்கள்.

வந்த ட்ரேஸை (அளவீட்டு வளைவை) படிக்கும்போது பள்ளத்தின் அகலத்தைப் பாருங்கள். குறைந்த ஆற்றலில் பாதி ஆழத்தில் அகலம் ரேலே நீளத்தின் இரு மடங்கு, அதாவது இந்த மேசையில் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அகலமாகி, அடி தட்டையாகிவிட்டால் அடிநிலை காலியாகிவிட்டது என்று அர்த்தம். ஆழத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 70 சதவீதம் ஒளியை விடும் கரைசலில், கிளர்ந்த நிலை மூன்று நான்கு மடங்கு உறிஞ்சினாலும், இயல்பாக்கிய ஊடுருவல் (குவியத்துக்கு வெகு தொலைவில் வரும் ஒளியை 1 என்று வைத்தால் வரும் பங்கு) மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போக வழியில்லை. போனால் அங்கே நடப்பது உறிஞ்சல் மட்டும் இல்லை. டொலுயீனில் குமிழி உண்டாகி ஒளி பக்கவாட்டில் சிதறுகிறது, அல்லது பீம் விரிந்து டிடெக்டர் லென்ஸுக்கு வெளியே போகிறது. திறந்த அப்பர்ச்சரில் ஒளியைச் சேர்க்கும் லென்ஸ் இங்கே 50 மி.மீ. விட்டம், அதை சாம்பிளுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

மூடிய அப்பர்ச்சரை ஏன் நம்ப வேண்டாம் என்கிறோம் என்றால், அந்த ட்ரேஸில் உறிஞ்சலும் விலகலும் கலந்திருக்கும். திறந்த ட்ரேஸால் வகுத்து விலகலைப் பிரிப்பது வழக்கம். உறிஞ்சல் மிதமாக இருக்கும்வரை இந்த வகுத்தல் சரி. சி60-ல் உறிஞ்சல்தான் ஓங்கி நிற்கிறது. விலகல் சிறியது, அதிலும் டொலுயீனின் பங்கு கலந்திருக்கிறது. பெரிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்து மிச்சத்தில் சிறிய எண்ணைத் தேடும் வேலை அது. தேவைதான் என்றால் வெறும் டொலுயீனை அதே க்யூவெட்டில், அதே ஆற்றலில் எடுத்தே ஆக வேண்டும். முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள தூரம் ரேலே நீளத்தைப் போல் 1.7 மடங்கு, இங்கே 4 மி.மீ., இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். அதைவிட்டு வெகுவாக விலகியிருந்தால் அந்த எண்ணை எழுத வேண்டாம். மையம் வெறும் கரைப்பானையும் தனி சாம்பிளாகக் கணக்கிட்டுக் கட்டணம் கேட்கிறது. இது நியாயமில்லை. கரைப்பான் ஓட்டம் இல்லாத கரைசல் அளவீடு அரைகுறை அளவீடு. அது கட்டணத்துக்குள்ளேயே வர வேண்டும்.

தொடர் ஒளி லேசர் மேசையைப் பற்றி. 532 நா.மீ. டி.பி.எஸ்.எஸ். (டையோடால் இயங்கும் திடநிலை) லேசரை வைத்து எடுப்பது மலிவு, அன்றைக்கே முடிவு கிடைக்கும், ட்ரேஸ் வழவழவென்று வரும். அதில் முகடு முதலில் வந்து பள்ளம் பின்னால் வரும். என்2 மைனஸ் 10⁻⁸ என்ற வரிசையில் கிடைக்கும். அது சூடு. உறிஞ்சிய ஒளி டொலுயீனைச் சூடாக்குகிறது. டொலுயீனின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.00056 குறைகிறது, நடுவில் சூடான திரவம் ஒரு குழிலென்ஸாகிவிடுகிறது. அதே செறிவில் எந்த உறிஞ்சும் சாயத்தைப் போட்டாலும் ஏறக்குறைய இதே எண் வரும். கார்பன் டைசல்ஃபைடின் மதிப்போடு ஒப்பிட்டு சி60 லட்சக்கணக்கான மடங்கு பெரியது என்று எழுதும் கட்டுரைகள் பிறப்பது இந்த மேசையில்தான். வெப்ப லென்ஸ் என்று பெயர் சொல்லி எழுதினால் தப்பில்லை. மூலக்கூறின் எலக்ட்ரான் குணம் என்று எழுதினால் தப்பு. நானோ செகண்ட் மேசையில் இந்தச் சிக்கல் ஏன் குறைவு என்றால், 20 மைக்ரோமீட்டர் இடத்தில் சேர்ந்த சூடு ஒரு மில்லி செகண்டு அளவில் பரவிவிடும்; அடுத்த பல்ஸ் 100 மில்லி செகண்டு கழித்துத்தான் வருகிறது.

சாம்பிள் தயாரிப்பில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. சி60 அறை வெப்பத்தில் டொலுயீனில் ஒரு மி.லி.க்கு 2.8 மி.கி. வரை கரையும். அந்த எல்லைக்குப் போகாதீர்கள். மற்ற பொருள்களைப் போல் இல்லாமல், அறை வெப்பத்துக்கு மேல் டொலுயீனில் இதன் கரைதிறன் சூடு கூடக் கூடக் குறைகிறது. ஏ.சி. அறையில் தெளிவாக இருந்த நிறைகரைசல், சித்திரை வெயிலில் பஸ்ஸில் வந்து சேரும்போது அடியில் கறுப்பாய்ப் படிந்திருக்கும். சூடாக்கிக் கரைக்கலாம் என்று ஹாட் பிளேட்டில் வைப்பதும் பயன் தராது. 5 மி.லி. டொலுயீனுக்கு 7 மி.கி. என்ற அளவில், அலுமினியத் தாள் சுற்றி இரவு முழுக்கக் காந்தக் கலக்கியில் விடுங்கள். மி.லி.க்கு 1.4 மி.கி. என்ற இந்தச் செறிவு 1 மி.மீ. க்யூவெட்டில் சுமார் 70 சதவீத ஊடுருவலைத் தரும்.

பிறகு வடிகட்ட வேண்டும். 0.45 மைக்ரோமீட்டர் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) சிரிஞ்ச் ஃபில்டர்தான் சரி. செல்லுலோஸ் அசிடேட் வேண்டாம். ரப்பர் முனை வைத்த பிளாஸ்டிக் சிரிஞ்சில் டொலுயீன் ஏற்றினால் ரப்பர் உப்பி, அதில் உள்ளது கரைசலில் இறங்கும்; கண்ணாடி சிரிஞ்ச் பயன்படுத்துங்கள். மூடிக்குப் பாராஃபிலிம் சுற்றாதீர்கள், டொலுயீன் ஆவியில் அது இளகிவிடும். பாலிஸ்டைரீன் க்யூவெட் கண்ணெதிரே வெள்ளையாகிக் கரைந்துபோகும். வடிகட்டும்போது கொஞ்சம் சி60 ஃபில்டரில் தங்கும், ஆகவே எடைபோட்ட செறிவை நம்பாமல் வடிகட்டிய பின் யூ.வி.-விசிபிள் எடுத்து 532-ல் உறிஞ்சலைக் குறித்துக்கொள்ளுங்கள். கரைசலின் நிறம் கத்திரிப்பூ ஊதா. பழுப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் 70 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீனான சி70 கலந்திருக்கலாம், அல்லது வெளிச்சத்திலும் காற்றிலும் கிடந்து ஆக்சிஜன் ஏறியிருக்கலாம். 407 நா.மீ. அருகே ஒல்லியான சிறு முகடு தெளிவாக நின்றால் சி60 நலம். சி70-ஐயும் அளக்கிறவர்கள் அதே எடையைப் போடக் கூடாது. அது 532-ல் அடிநிலையிலேயே நிறைய உறிஞ்சும். ஊடுருவல் 70 சதவீதம் வருமளவுக்கு நீர்க்கச் செய்யுங்கள்.

ஆக்சிஜனை வெளியேற்ற நைட்ரஜன் ஊத வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். காற்று கலந்த டொலுயீனில் டிரிப்ளெட் நிலை சில நூறு நானோ செகண்டு வாழும். 6 நானோ செகண்ட் பல்ஸ் முடிவதற்குள் அது எங்கும் போகாது. இந்த அளவீட்டுக்கு ஊத வேண்டாம்.

டொலுயீனை பஸ்ஸிலோ கூரியரிலோ அனுப்பக் கூடாது. அதன் ஆவி பொறி பட்டால் தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை 4 டிகிரி, நம் ஊரில் எந்த நாளும் அதற்கு மேல்தான். பொடியைச் சிறு குப்பியில் கொண்டுபோய் அங்கேயே கரைப்பதுதான் வழி. மையத்தில் ஃபியூம் ஹூடும் கலக்கியும் கொடுக்கிறார்கள், முதல் நாள் மாலையே போய்ச் சேர வேண்டும். ஒப்பீட்டுக்குக் கார்பன் டைசல்ஃபைடு அவர்களே வைத்திருக்கிறார்கள். அது 90 டிகிரி சூட்டிலேயே தானாகத் தீப்பிடிக்கும் திரவம், ஹாட் பிளேட் உள்ள மேசைக்குப் பக்கத்தில் திறக்கவே கூடாது. இதில் மையத்து உதவியாளர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். அந்தக் கண்டிப்பு பாராட்டுக்குரியது. கண்ணில் போடும் பாதுகாப்புக் கண்ணாடியைப் பற்றியும் அப்படியே இருந்தால் நல்லது. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கண்ணாடி 532-ஐ மட்டும் தடுப்பது. மேசையில் உள்ள, ஹார்மோனிக்கைப் பிரிக்கும் ஆடிகளைத் தாண்டிக் கொஞ்சம் 1064 கசியும், அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு அலைநீளத்தையும் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் போவது என்பதும் டெல்டாவில் ஒரு கேள்விதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரண்ட் போய்ப் போய் வரும். லேசர் ஒவ்வொரு முறை நின்று தொடங்கும்போதும் அரை மணி நேரமாவது ஓடினால்தான் ஆற்றல் நிலைக்கும், இரண்டாம் ஹார்மோனிக் படிகம் அதன் வெப்பநிலைக்குத் திரும்ப வேண்டும். ஏ.சி. நின்ற அறையில் ஈரம் ஏறிவிட்டால் மேசையின் லென்ஸ், ஆடிகளில் பனி படியும். தை, மாசியில் சம்பா அறுவடை நேரம்; சாலையோரத்து வயல்களில் அறுவடை இயந்திரம் ஓடும்போது எழும் தூசு ஜன்னல் வழியே உள்ளே வந்து க்யூவெட்டின் முகத்தில் உட்காரும். குவியத்துக்கு வரும்போது பொறி தெறித்தால் அந்தப் புள்ளி மட்டும் ட்ரேஸில் கீழே குத்திட்டு நிற்கும். க்யூவெட்டை அசிட்டோனில் நனைத்த லென்ஸ் தாளால் துடைத்து மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். அந்தப் புள்ளியைக் கணினியில் அழித்துவிட்டுக் கொடுப்பதை ஏற்காதீர்கள்.

அறிக்கையில்தான் மையம் மிகவும் பின்தங்கியிருக்கிறது. ஒரு வரைபடப் படம், என்2, பீட்டா, இவ்விரண்டிலிருந்தும் கணக்கிடும் மூன்றாம் படி சஸ்செப்டிபிலிட்டி என்று ஓர் அட்டவணை. அவ்வளவுதான் தானாக வருவது. கிளர்நிலை உறிஞ்சலில் கிடைத்த பீட்டாவை சஸ்செப்டிபிலிட்டியாக மாற்றி எழுதிய அந்தக் கடைசி எண்ணுக்கு சி60-ல் பொருளே இல்லை. 1990-களில் சி60-க்கு வந்த மூன்றாம் படி மதிப்புகள் ஒன்றுக்கொன்று பல மடங்கு முரண்பட்டு நின்றதற்கு, அளந்த சூழலைப் பாராமல் எண்களை மட்டும் ஒப்பிட்டதும் ஒரு காரணம். பணம் கட்டும்போதே எழுத்தில் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு ட்ரேஸின் மூல எண்கள் டெக்ஸ்ட் கோப்பாக, குவிய ஆரமும் அளந்த தேதியும், பல்ஸ் நீளம், ஒவ்வொரு ஓட்டத்தின் ஆற்றல், அப்பர்ச்சர் வழியே போகும் பங்கு, வெறும் டொலுயீன் ட்ரேஸ், அன்றைக்கே எடுத்த கார்பன் டைசல்ஃபைடு ட்ரேஸ். கேட்டால் இவை எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுத் தருகிறார்கள். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு விஷயம் தெரியும், படிவம்தான் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அந்த மூல எண்கள் கையில் இருந்தால் இரண்டு ஃபோட்டான் சூத்திரத்தை விட்டுவிட்டு, அடிநிலை, சிங்லெட், டிரிப்ளெட் என்று நிலைகளின் வீதச் சமன்பாடுகளை (ஒவ்வொரு நிலையிலும் உள்ள மூலக்கூறுகள் நேரத்தோடு மாறுவதைச் சொல்பவை) நீங்களே பொருத்தி, கிளர்நிலைக் குறுக்குப்பரப்பை எடுக்கலாம். மூன்று ஆற்றலிலும் ஒரே குறுக்குப்பரப்பு பொருந்தினால் அதை எழுதுங்கள்.

சாம்பிள் கட்டணம் அவ்வப்போது மாறுகிறது, போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு நாளைக்கு சி60 போன்ற கரைசல் இரண்டுக்கு மேல் பதிவு செய்யாதீர்கள். மூன்று ஆற்றல், கரைப்பான், ஒப்பீடு என்று எடுத்தால் அதற்கே மாலை ஆகிவிடும். மிச்சக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் அவர்கள் வைத்திருக்கும் ஹாலோஜன் இல்லாத கழிவுக் கேனில் ஊற்றிவிட்டு வாருங்கள், கார்பன் டைசல்ஃபைடுக்கு மட்டும் தனிப் பாட்டில் இருக்கிறது.